நிசானுக்கு எந்த ஊர்?

"ஜப்பான் வண்டிடா, சும்மா பட்டு மாதிரி ஓடும்." எங்கள் வகுப்பில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. இதற்கு எதிர்க்கோஷ்டியும் உண்டு: "போடா, அது ஒரகடத்துல செஞ்சது, நம்ம ஊர் வண்டி." ரெண்டு கோஷ்டியும் தப்பு என்பது என் கட்சி. நிசானையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நம் வரிப்பணமும் மாட்டியிருக்கிறது, அதனால்தான்.

முதலில் பூர்வீகம். 1911-ல் ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்பவர் டோக்கியோவில் ஒரு சின்ன கார் கம்பெனி ஆரம்பித்தார். 1914-ல் வந்த வண்டிக்கு, பணம் போட்ட டென், அவோயாமா, டகேவுச்சி மூவரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று பெயர். 1931-ல் அதைவிடச் சின்ன வண்டி வந்தபோது, டாட்டின் மகன் என்று பொருள்வர ஆங்கிலத்தில் 'டாட்சன்' என்றார்கள். அந்த எழுத்துக்கூட்டை ஜப்பானியர் 'சோன்' என்று படித்தால் நஷ்டம் என்று அர்த்தமாம்! உடனே மகனைத் தூக்கிவிட்டு சூரியனைப் போட்டார்கள். எங்களுக்கு அக்கவுண்ட்ஸ் பேப்பரில் இந்த வசதி இல்லை.

பிறகு ஐகாவா யோஷிசுகே என்ற தொழிலதிபர் கைக்கு வந்தது. அவருடைய 'நிஹோன் சாங்யோ' நிறுவனத்துக்குப் பங்குச்சந்தையில் இருந்த சுருக்கப்பெயர்தான் நிசான். 1934-ல் கார் கம்பெனிக்கும் அதே பெயர். அப்போதே யோகஹாமா தொழிற்சாலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கினார்கள், வில்லியம் கோரம் என்ற அமெரிக்க இன்ஜினியரையும் வைத்திருந்தார்கள். ஆக, சுத்த ஜப்பான் சரக்கு என்பது அன்றைக்கே கிடையாது.

அடுத்த கூத்து ஐரோப்பாவில். 1986-ல் இங்கிலாந்தின் சண்டர்லாண்டில் தொழிற்சாலை திறந்தார்கள், தாட்சர் அம்மையார் வந்து திறந்துவைத்தார். 1988-ல் அங்கே செய்த புளூபேர்டை பிரான்சுக்கு அனுப்பியதும் பிரான்ஸ் முறைத்தது. 80 சதவீதம் ஐரோப்பியப் பாகங்கள் இல்லையென்றால் இது ஜப்பான் காராம், ஜப்பான் கார்களுக்கு வைத்திருந்த 3 சதவீத ஒதுக்கீட்டில்தான் கணக்கு வைப்பார்களாம். இங்கிலாந்தோ "இது எங்கள் கார்" என்று சண்டைக்கு நின்றது. பதினோரு வருஷம் கழித்து, 1999-ல், அதே நிசானில் 36.8 சதவீதப் பங்கை வாங்கியது யார்? ரெனோ. அன்று ரெனோவின் பெரிய பங்குதாரர் யார்? பிரெஞ்சு அரசு!

மைக்ரா என்ற ஒரே ஒரு மாடலைப் பின்தொடர்ந்து பாருங்கள். 1982-ல் ஜப்பானில் பிறந்தது. ஐரோப்பாவுக்கான மைக்ரா 1992 முதல் சண்டர்லாண்டில். 2010-ல் அது நம் ஒரகடத்துக்கு வந்தது, எண்ணூர் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ஐரோப்பா போனது. நாமும் மார்தட்டினோம். 2016 கடைசியில் அடுத்த மைக்ரா பிரான்சில் ரெனோவின் பிளான் ஆலைக்குப் போய்விட்டது. 2025-ல் வந்த மின்சார மைக்ராவும் பிரான்ஸ்தான், டுவே என்ற ஊர். இதே வண்டி ஜப்பானில் 'மார்ச்' என்ற பெயரில் விற்றது. 2010-லிருந்து ஜப்பான்காரர்கள் வாங்கிய மார்ச் எங்கே செய்தது தெரியுமா? தாய்லாந்தில்! ஜப்பானியனுக்கே கிடைக்காத ஜப்பான் வண்டியைத்தான் நம்ம பசங்க பட்டு என்கிறார்கள்.

சரி, இப்படி ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனிக்குத் தன் தாய்நாடு எப்போது ஞாபகம் வரும்? பணம் வசூலிக்கும்போது. தமிழக அரசு தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை முழுதாக வரவில்லை என்று 2017-ல் இந்தியா மீது சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்த உரிமையில்? இந்திய-ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, ஜப்பானிய முதலீட்டாளர் என்ற உரிமையில். ஒரகடம் ஆலைக்கு ரெனோ-நிசான் கூட்டணி அறிவித்த முதலீடே 4,500 கோடிதான்! 2020-ல் சமரசமாக முடிந்தது. சொன்ன வாக்கை அரசு காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. அப்படி ஒரு வாக்கை ஏன் கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி.

ஜப்பானியத் தொழிலாளிக்காவது விசுவாசமா என்றால் அதுவும் இல்லை. 1999 திட்டத்தில் 21,000 வேலைகளை வெட்டினார்கள், முராயாமா ஆலையை மூடினார்கள். 2025-ல் மறுபடியும் 20,000 வேலை. 1961 முதல் ஓடும் ஒப்பாமா ஆலையில் 2028 மார்ச்சோடு உற்பத்தி நிற்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதே 2025-ல் ஒரகடம் ஆலையில் இருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோவிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது நிசான் மேக்னைட்டைச் செய்வது பிரெஞ்சுக் கம்பெனிக்குச் சொந்தமான ஆலை.

அதனால் கொடி பிடிப்பதை விடுங்கப்பா. அடுத்த தடவை ஏதாவது ஒரு கார் கம்பெனியோடு அமைச்சர் கைகுலுக்கி போட்டோ எடுக்கும்போது மூணே மூணு எண்ணைக் கேளுங்கள். எத்தனை கோடி சலுகை? எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? பாதியில் கிளம்பினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும்?