‘பேசியவர்கள்’ பெயரை எழுதத்தான் க்ளாஸ் லீடரா? - பள்ளிகளுக்கு மாணவர் மன்றம் ஏன் வேண்டும்?

ஏழாம் வகுப்பில் நான்தான் க்ளாஸ் லீடர். வேலை ரொம்ப சிம்பிள். மிஸ் வெளியே போனதும் போர்டில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, வாயைத் திறந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

இப்போது யோசித்தால் விநோதமாக இருக்கிறது. மாணவர்களின் சார்பில் ஒருவரை நிறுத்துகிறோம். அவருக்குக் கொடுக்கும் முதல் வேலையே, மற்றவர்களைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்!

ஒரு தாழ்ப்பாளின் கதை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். துணைக்கு ஆள் இல்லையென்றால் போக முடியாது என்பதால், பலர் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினோம். அந்தக் கல்வியாண்டு முழுக்க அப்படியேதான் போனது.

பள்ளியில் எஸ்.பி.எல். இருந்தார். பளபளக்கும் பேட்ஜ் குத்திக்கொண்டு சுதந்திர தினத்தில் அணிவகுப்பை நடத்தினார். ஆனால், அவரிடம் போய்த் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவருக்கும் அது தன் வேலை என்று தெரிந்திருக்காது.

லீடருக்கும் மன்றத்துக்கும் என்ன வித்தியாசம்?

பேச்சு எந்தத் திசையில் போகிறது என்பதுதான். பெரும்பாலும் லீடரை ஆசிரியர்களே தேர்வு செய்கிறார்கள். ஆசிரியர் அறையிலிருந்து வகுப்புக்குச் செய்தி கொண்டுவருவது அவர் வேலை. மன்றம் என்றால், வகுப்பு தன் பிரதிநிதியை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். வகுப்பின் பேச்சு தலைமையாசிரியர் அறைக்குப் போகும். முக்கியமாக, அங்கிருந்து பதிலும் வரும்.

புகார்ப் பெட்டி போதாதா?

தமிழக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. 14417, 1098 என உதவி எண்களும் உண்டு. இவை கட்டாயம் வேண்டும். பாலியல் தொல்லை, வன்முறை போன்றவற்றை நான்கு பேர் நடுவே பேசச் சொல்லவே கூடாது. ஆனால், குடிநீர்க் குழாயும் கணக்குப் பாடம் விழுங்கிய பி.டி. பீரியடும் ரகசியமா என்ன? இதற்கெல்லாம் பெட்டி பதில் சொல்லாது. ‘இப்போது நிதி இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பதுகூட ஒரு பதில்தான். அதை நேரில் கேட்கும் மாணவர், நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதையும் கற்றுக்கொள்கிறார்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12-வது பிரிவு.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உதவி பெறாத தனியார் பள்ளிகள் தவிர மற்றவற்றில் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். 2010-ல் வந்த மத்திய விதிகளில், மீதியுள்ள இடங்களில் ஒரு பங்குக்கு ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் அல்லது பள்ளிக் குழந்தைகள்’ என்று வழி விடப்பட்டிருக்கிறது. தமிழகத்தில் 2024-ல் இந்தக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. நல்ல விஷயம். இந்நாள் மாணவர்கள்?

‘ஸ்கூல்லயே எலெக்‌ஷனா?’

இந்தப் பயம் நியாயமானது. சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், 2023-ல் நாங்குநேரியில் நடந்த கொடூரமும் நம் கண் முன்னால் இருக்கின்றன. ஓட்டும் சாதி பார்த்து விழுந்தால்?

அதற்காகத்தான் விதிகள். வகுப்புக்கு ஒருவர் அல்ல, இருவர். இருபாலர் பள்ளியில் ஒரு மாணவி, ஒரு மாணவர். பிரசாரம், போஸ்டர், செலவு எதுவும் கூடாது. பருவத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கேரளப் பள்ளிகளில் இப்படித் தேர்தல் நடத்துவது பழகிப்போன ஒன்று. சாதி ஏற்கெனவே வகுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. மன்றம் இல்லாததால் அது வெளியே போய்விடவில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். மாதம் ஒரு கூட்டம், பேசியதை எழுத ஒரு நோட்டு, இரண்டு வாரத்தில் தலைமையாசிரியரின் எழுத்துபூர்வமான பதில். அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கேள்வி கேட்டவரின் பெயர் அதில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதி மீறப்பட்டாலும் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

18 வயதில் ஓட்டுரிமை கொடுக்கிறோம். அதுவரை ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று வளர்த்துவிட்டு, இந்தத் தலைமுறைக்கு அரசியல் ஆர்வமே இல்லை என்று குறைசொல்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த முதல் கூட்டத்தை நடத்திப் பார்க்கலாமே. ஏதோ ஒரு பள்ளியில் ஒரு தாழ்ப்பாளாவது சரியாகும்.