வாயில்லா உயிர்க்கு இடும் உணவு

திருவாலங்காட்டு வட்டாரத்தில் நிலக்கடலை விளைகிறது. நல்ல பருப்பு நமக்கு. பூசணம் பூத்தது மாட்டுக்கும் நாய்க்கும். கழித்ததைக் கொடுத்துவிட்டு, அதனை ஈகையென்று எண்ணி மகிழ்கிறோம்.

அப்பூசணத்தில் பிறக்கும் நஞ்சே அஃப்ளடாக்சின். கல்லீரலைச் சிதைக்கும் இது, சமைப்பதனாலும் முற்றும் அழிவதில்லை. 1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்குத் தின்ற ஓரிலட்சம் வான்கோழிகள் மடிந்த பின்னரே உலகம் இதனை அறிந்தது. 1974இல் இராஜஸ்தான், குஜராத் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தால் 106 பேர் மாண்டனர். அவர்தம் உணவைப் பகிர்ந்த நாய்களும் மாண்டன. 2007இல் சீனத்திலிருந்து சென்ற, மெலமைன் கலந்த தீவனப் பொருளால் அமெரிக்க நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. மறு ஆண்டே அதே மெலமைன், சீனத்துப் பால்மாவில் கலந்து பச்சிளங்குழந்தைகளைப் பலிகொண்டது.

மனிதனுக்கே நல்லுணவு கிட்டாத நாட்டில் விலங்குக்குத் தரமா என வினவுவோர் உளர். அவர்க்கு நம் விடை இதுவே: தொழுவமும் அடுக்களையும் வேறல்ல. மாடு தின்ற நஞ்சு பாலில் வெளிப்படும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தமிழகத்தின் 551 பால் மாதிரிகளுள் 88இல் இந்நஞ்சு வரம்பை மீறியிருந்தது.

ஆகவே, மனித உணவுக்குரிய சோதனை தீவனப் பொட்டலத்துக்கும் பிண்ணாக்கு மூட்டைக்கும் வேண்டும். விளைச்சலை நன்கு உலர்த்திச் சேமிப்போம். பூத்த பருப்பை மண்ணில் புதைப்போம். வாயில்லா உயிர் முறையிடாது. மடிந்தே நம்மை எச்சரிக்கும். அதுவரை காத்திருத்தல் அறமன்று, அறிவுமன்று.