குறட்டையும் விடுதி அறையும்

கருத்தரங்கில் கண்ணயரும் ஆய்வாளரைச் சோம்பேறி என்பது எளிது. உறக்கத்தில் மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபடுவோரும் அவர்களுள் இருக்கக்கூடும் என எவரும் எண்ணுவதில்லை.

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் அறிமுகப்படுத்திய சிபாப் சிகிச்சை, காற்றழுத்தத்தால் தொண்டைப் பாதையை மூடாமல் காக்கிறது. ஆயினும் கருவியை வாங்கியதும் சிகிச்சை முடிந்தது என்ற எண்ணம் இங்கு வலுவாக உள்ளது. உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது. முதல் வாரங்களில் முகமூடி மூக்குத்தண்டைப் புண்ணாக்கும், காற்று கசியும், வாய் வறளும், மூச்சை வெளிவிடுவதே போராட்டமாகும். பலர் கருவியை அலமாரியில் வைத்துவிடுவது இக்கட்டத்தில்தான்.

அதனை மனவுறுதிக் குறைவு என்பது தவறு. பொருத்தமான முகமூடி, அழுத்தத்தை மெல்ல உயர்த்தும் அமைப்பு, ஈரப்பதமூட்டி, பகலில் விழித்திருக்கும்போதே சிறிது நேரம் அணிந்து பழகுதல் ஆகியவை பெரிதும் உதவும். இவற்றைக் கற்றுத்தர விற்பனையாளர் மட்டும் போதார். மருத்துவரின் தொடர் கவனிப்பும் வேண்டும்.

மூவர் உறங்கும் விடுதி அறையிலோ கட்டிலருகே மின்னிணைப்பும், இரவு முழுதும் தடையற்ற மின்சாரமும், நகைக்காத அறைத்தோழரும் தேவை. முதலிரண்டையும் நிர்வாகங்கள் சலுகையாக அன்றி, மருத்துவத் தேவையாகவே கருத வேண்டும்.