பில் இல்லையா? அப்படியானால் குற்றமும் இல்லை!

மிஸ்டரி ஷாப்பிங் என்று ஒரு வேலை இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தமிழில் ‘மர்ம வாடிக்கையாளர்’ என்று சொல்லலாம். பெயரைக் கேட்டால் துப்பறியும் நாவல் மாதிரி இருக்கும். நிஜத்தில் அவ்வளவு விறுவிறுப்பு கிடையாது. ஒரு கம்பெனிக்குத் தன் கடைகளில் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். அது ஒரு ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கும். ஏஜென்சி உங்களையோ என்னையோ சாதாரண ஆசாமி போல அங்கே அனுப்பும். போய்ச் சாப்பிட வேண்டும், அல்லது துணி எடுக்க வேண்டும், அல்லது பெட்ரோல் போட வேண்டும். வெளியே வந்து ஐம்பது, அறுபது கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். வணக்கம் சொன்னாரா? சிரித்தாரா? எத்தனை நிமிஷத்தில் தட்டு வந்தது? பில்லை இணைத்து அனுப்பினால் சாப்பிட்ட காசும் அதற்கு மேல் கொஞ்சம் கூலியும் வரும்.

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை.

உங்களை வேப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை தாண்டினால் வரும் ஊர். கிழக்கே திரும்பிப் போனால் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். வெள்ளிக்கிழமை வந்தால் ஆட்டுச்சந்தை ஜேஜே என்று இருக்கும். அந்தச் சந்தைக்கு ஆடு வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், முதுகை அழுத்திப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ‘ஆடு உங்களைப் பார்த்துப் புன்னகைத்ததா?’ என்று படிவம் நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார். அது போகட்டும்.

ராத்திரி ஒன்றரை மணி. நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் இறங்குகிறீர்கள். இரண்டு இட்லி, ஒரு காபி, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கச் சொல்லி ஏஜென்சி உத்தரவு. “இட்லி முடிஞ்சுது சார், பரோட்டா இருக்கு.” முதல் கோணல். பரோட்டா வாங்குகிறீர்கள். தண்ணீர் பாட்டிலில் அச்சடித்த விலை இருபது, வாங்குவது முப்பது. “ஜிபே இல்ல சார், கேஷ் குடுங்க.” குடுத்தாச்சு. பில்? “மெஷின் ரிப்பேர்.” பரிமாறியவரின் பெயரைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையில் பெயர்ப்பட்டை எதுவும் இல்லை. கேட்டால் சந்தேகப்படுவார்கள். கழிவறைப் பக்கம் போனால் வாசலில் ஒருவர் பத்து ரூபாய் கேட்கிறார். உள்ளே தரையெல்லாம் தண்ணீர். உங்களுக்கு முன்னால் போன ஒரு பெரியவர் வழுக்கி விழுகிறார். அவரைத் தூக்கி உட்கார வைக்கிறீர்கள். அதற்குள் காபி வந்த நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டது.

இதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பினால் பெரும்பாலும் என்ன பதில் வரும் தெரியுமா? குறிப்பிட்ட பொருள் வாங்கப்படவில்லை. பில் இணைக்கப்படவில்லை. ஊழியர் பெயர் இல்லை. நேரம் இல்லை. ஆகவே, ரிப்போர்ட் நிராகரிக்கப்பட்டது. பரோட்டாக் காசு உங்கள் கணக்கில்!

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இட்லி, காபி, பில் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிற கடையிலிருந்து ரிப்போர்ட் முழுசாகப் போய்ச் சேரும். பில்லே தராத கடையிலிருந்து எந்த ரிப்போர்ட்டும் போகாது. மாசக் கடைசியில் சராசரி எடுத்தால் கம்பெனியின் கடைகள் எல்லாம் பிரமாதம்! மோசமான கடை தப்பிப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி உண்டா? பில் மெஷினை அணைத்து வைத்தால் போதும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. சட்டத்தின் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிவது, ஏஜென்சியின் கண்ணுக்கு உங்கள் கவனக்குறைவாகத் தெரிகிறது.

பி.காம். படித்த எல்லோருக்கும் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் முதலில் சொல்லித் தருவது வவுச்சர் பார்ப்பது. ஒரு செலவுக்கு வவுச்சர் இல்லை என்றால் ஆடிட்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட மாட்டார். ‘வவுச்சர் இல்லை’ என்று எழுதுவார். அவர் கண்டுபிடித்ததே அதுதான். விருத்தாசலத்துப் பீங்கான்காரரைக் கேளுங்கள். சூளையிலிருந்து வந்த கோப்பையைச் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் தனியே எடுத்து வைப்பார். எத்தனை விரிசல் என்று எண்ணவும் செய்வார். விரிசல் விட்டதைக் கணக்கிலேயே சேர்க்காமல் ‘என் சூளையில் சேதாரமே கிடையாது’ என்று சொல்கிறவரை யாராவது தொழில் தெரிந்தவர் என்பார்களா?

ஏஜென்சிக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். பில் கேட்காவிட்டால் நிறையப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்து கதை எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று. உண்மைதான், அனுப்புவார்கள். ஆனால், கடைக்குப் போனதற்குச் சாட்சி பில் ஒன்றுதானா? உங்கள் கையில் இருக்கும் போனில் எடுத்த படத்தில் இடமும் நேரமும் பதிவாகிறது. வாசலில் நின்று ஏஜென்சிக்கே ஒரு போன் போடலாம். இதையெல்லாம் ஏற்காமல் பில்லையே பிடித்துக்கொண்டு தொங்கினால், ஆட்கள் இன்னொரு வழி கண்டுபிடிப்பார்கள். மேஜைக்கு அடியில் கிடக்கும் அடுத்தவர் பில்லைப் பொறுக்கி எடுத்து, சாப்பிடாத இட்லிக்கு எட்டு மார்க் போடுவார்கள். எந்தப் பொய்யைத் தடுக்க விதி போட்டார்களோ அந்தப் பொய்யை அந்த விதியே வளர்க்கும்.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களிலும் டெல்லியிலும் போலி நோயாளிகளை டாக்டர்களிடம் அனுப்பி ஓர் ஆய்வு நடந்தது. 2012-ல் வெளியானது. போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். 100 மணி நேரத்துக்கும் மேல் அவர்களுக்குப் பயிற்சி. எதற்கு அத்தனை மணி நேரம்? எதிர்பாராததைச் சமாளிக்கவும்தான். டாக்டர் ஊசி போட வந்தால் சந்தேகம் வராமல் எப்படி மறுப்பது? குழந்தைக்கு வயிற்றுக்கடுப்பு என்று சொல்லும் அப்பா, ‘குழந்தை எங்கே?’ என்றால் ‘வீட்டில் தூங்குகிறது’ என்று சொல்ல வேண்டும். டாக்டர் எதையும் கேட்கவில்லை என்றால் ‘கேட்கவில்லை’ என்றே குறிக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் சராசரியாக ஒரு நோயாளிக்கு நாலு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை என்பது அப்படித்தான் வெளியே வந்தது. ‘டாக்டர் முழுசாகப் பரிசோதிக்கவில்லை, ஆகவே ரிப்போர்ட் செல்லாது’ என்று சொல்லியிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

நமக்கு வரும் படிவங்களோ ஆமாம், இல்லை என்ற இரண்டு கட்டங்களில் உலகத்தையே அடக்கப் பார்க்கின்றன. அந்தத் தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்களா?’ ஆமாம் என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடலாமா? உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கினால் எடையளவுச் சட்டம் குறுக்கே வராது என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாசலில் இருக்கும் பெட்டிக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படியானால் பாட்டிலை எங்கே வாங்கினீர்கள், மேஜையிலா கடையிலா? எழுத இடம் இல்லை.

இந்த வேலை அமெரிக்காவில் கல்லாவில் கை வைக்கும் ஊழியரைப் பிடிக்கத்தான் முதலில் பிறந்தது. மிஸ்டரி ஷாப்பிங் என்ற பெயர் 1940-களில் வந்தது. பெயர் மாறியும் பிறவிக் குணம் போகவில்லை. ‘பரிமாறியவர் பெயர் என்ன?’ என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இட்லி தீர்ந்ததற்கு மாவு எவ்வளவு அரைப்பது என்று முடிவு செய்தவர் பொறுப்பு. பில் மெஷின் ஓடாததற்கு முதலாளி பொறுப்பு. தரை வழுக்குவதற்கு, ராத்திரி ஷிப்டுக்கு ஒரே ஓர் ஆளைப் போட்டவர் பொறுப்பு. மார்க் குறைவது மட்டும் வடக்கே எங்கிருந்தோ வந்து, தமிழ் பாதி புரிந்தும் புரியாமலும் பதினாலு மணி நேரம் நிற்கும் பையனுக்கு. ‘வணக்கம் சொன்னாரா?’ என்ற கேள்வியில் அவன் பூஜ்யம்! அவன் பெயர் தெரிந்தாலும் எழுதாதீர்கள் என்றே சொல்வேன். ‘இரவு ஷிப்ட், ஒரே ஆள், எட்டு மேஜை’ என்று எழுதுங்கள். கம்பெனிக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அது போதும்.

பெரியவர் விழுந்த விஷயத்துக்கும் இதேதான். சில ஏஜென்சிகள் ‘எக்காரணம் கொண்டும் அடையாளத்தை வெளிப்படுத்தக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வைக்கின்றன. எக்காரணம் கொண்டுமா? அடிபட்ட ஒருவருக்கு உதவி செய்ய, கெட்டுப்போன குழம்பைக் குழந்தைக்கு ஊட்டுகிற அம்மாவைத் தடுக்க, மேனேஜரைக் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டியிருந்தால் போடுங்கள் சார். வேஷம் கலைந்தால் கலையட்டும். நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்த வேஷம்தானே?

நடுவில் ஓர் எச்சரிக்கை. ‘மிஸ்டரி ஷாப்பர் வேலை, ஓட்டலுக்கு ஸ்டார் போட்டால் தினம் இரண்டாயிரம்’ என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது பாருங்கள், அங்கே எதிர்பாராத பிரச்சினை என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் எதிர்பார்க்க வேண்டியதுதான். முதலில் நூறு ரூபாய் தருவார்கள், அப்புறம் டெபாசிட் கேட்பார்கள். வேலை தருகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஏமாந்துவிட்டால் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம் அரசாங்கமும் இதில் சளைத்தது இல்லை. 2022-ல் அரசு பஸ்கள் நிற்கும் நெடுஞ்சாலை உணவகங்களுக்கு நிபந்தனைகள் போட்டார்கள். சைவம் மட்டும்தான் என்று ஒரு வரி இருந்தது. நாடே சைவமா அசைவமா என்று சண்டை போட்டது. அந்த வரியை எடுத்தார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது, கம்ப்யூட்டர் பில் தர வேண்டும் என்ற வரிகளும் அதே பட்டியலில் இருந்தன. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. அதிகாரி பகல் பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினால் மெஷின் நன்றாகவே ஓடும்.

ஆகவே, அடுத்த தடவை ஏஜென்சி உங்களுக்குப் படிவம் அனுப்பினால் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். ‘நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள்’ என்று பத்து வரி காலியாக விட்டிருக்கிறார்களா? பில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, ராத்திரி ஒன்றரை மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்று போட்டிருக்கிறார்களா? இல்லை என்றால் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வேலையை எடுக்காதீர்கள். பரோட்டா சாப்பிட வேண்டும் என்றால் சொந்தக் காசிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.