பதவி நீக்கம்: சட்டத்தில் இருக்கிறது, நெஞ்சில் இருக்கிறதா?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மீது "இம்பீச்மென்ட்" என்று செய்தித்தாளில் கண்டவுடன், ஆள் பதவியிழந்துவிட்டார் என்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அது பிழை. 1868, 1998, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் மூன்று குடியரசுத் தலைவர்கள் மீது நான்கு முறை அந்தத் தீர்மானம் நிறைவேறியது. நான்கு முறையும் அவர்கள் விடுதலை பெற்றார்கள். அந்த நாட்டில் ஊழல் செய்தவரே இல்லையா? அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவரே இல்லையா? உண்டு. பின் ஏன் சட்டம் பாயவில்லை? ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ள எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

முதலில் முறையைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இரண்டு சபைகள். 435 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும். 100 உறுப்பினர் கொண்ட செனட் சபை விசாரித்துத் தீர்ப்பளிக்கும். குற்றம் சாட்டச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்குப் பெயர்தான் இம்பீச்மென்ட். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது போன்றது, தீர்ப்பு அல்ல. பிறகு செனட்டர்கள் தனியாகச் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு வழக்கைக் கேட்பார்கள். வழக்கமாகச் செனட்டுக்குத் தலைமை வகிப்பவர் துணைக் குடியரசுத் தலைவர். தலைவர் விழுந்தால் அந்த நாற்காலி அவருக்கே போய்ச் சேரும். ஆகவே, குடியரசுத் தலைவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை தாங்குவார். வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் "குற்றவாளி" என்றால்தான் பதவி போகும். இனிப் பதவியே வகிக்கக் கூடாது என்று தடையும் விதிக்கலாம். சிறைத் தண்டனை கிடையாது. அது நீதிமன்றத்தின் வேலை. குடியரசுத் தலைவரின் மன்னிப்பு அதிகாரமும் இங்கே செல்லாது.

இந்த முறை அமெரிக்காவில் பிறந்ததல்ல. இங்கிலாந்திலிருந்து வந்தது. அதில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், காசி மன்னர் சேத் சிங்கையும் அயோத்திப் பேகம்களையும் நெருக்கிப் பணம் பறித்தார் என்று 1787-இல் காமன்ஸ் சபை குற்றம் சாட்டியது. எட்மண்ட் பர்க் வாதாடினார். 1788-இல் தொடங்கிய விசாரணை 1795-இல்தான் முடிந்தது. ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். கொள்ளை போனது இந்தியா. தீர்ப்புச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் பிரபுக்கள்! வேறென்ன நடக்கும்?

அதே 1787-இல் பிலடெல்பியாவில் அமெரிக்காவின் அரசியல் சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. குடியரசுத் தலைவரை நீக்க வழி வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின், வழி இல்லையென்றால் மக்கள் கத்தியைத் தூக்குவார்கள், கொலையைவிட விசாரணை மேல் என்று வாதிட்டார். தேசத் துரோகம், லஞ்சம் என்ற இரண்டு காரணங்களே முதலில் வரைவில் இருந்தன. ஜார்ஜ் மேசன் எழுந்து, ஹேஸ்டிங்ஸ் செய்தது துரோகத்தில் அடங்காதே என்று சுட்டிக்காட்டி, "சீர்கேடான நிர்வாகம்" என்பதையும் சேர்க்கச் சொன்னார். அவ்வளவு பொதுவாக எழுதினால் குடியரசுத் தலைவர் செனட்டின் தயவில் வாழ வேண்டியதாகிவிடும் என்று மேடிசன் மறுத்தார். கடைசியில் "பெருங்குற்றங்களும் தீய நடத்தையும்" என்ற தொடர் ஏற்கப்பட்டது. அதன் பொருள் என்ன என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது.

முதல் சோதனை 1868-இல் வந்தது. லிங்கன் கொல்லப்பட்டபின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு உரிமை கிடைப்பதைத் தடுத்து நின்றவர். ஆனால் அவர் மீது சாட்டப்பட்ட முக்கியக் குற்றம் அதுவல்ல. செனட்டின் ஒப்புதல் இல்லாமல் போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனை நீக்கினார் என்பதே. வாக்கு 35-க்கு 19. ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் ஜான்சன் தப்பினார். குடியரசுக் கட்சியினர் ஏழு பேர் தம் கட்சியை மீறி வாக்களித்திருந்தனர். ஜான்சன் நல்லவரல்லர். ஆனால் அவர் மீறிய சட்டம் அவரைச் சிக்கவைக்கவே இயற்றப்பட்டது போன்ற சட்டம். அத்தகைய சட்டம் செல்லாது என்று 1926-இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. எதிர்க்கட்சிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்காக ஒரு தலைவரை வீட்டுக்கு அனுப்ப முடியாமல் தடுக்கும் வேலி மூன்றில் இரண்டு என்ற விதி. அந்த வேலி தேவையானதே.

ஆனால் வேலி உயரமாக இருக்கிறது என்பதற்காகத் தாண்டவே முடியாது என்று சொல்லிவிடக் கூடாது. 1974 அதற்குச் சான்று. 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டன் வாட்டர்கேட் கட்டடத்தில், ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டனர். அந்த ஆண்டுத் தேர்தலில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். அவ்வளவு செல்வாக்குப் பெற்றவரை யார் அசைக்க முடியும்? அசைத்தார்கள். தமது அறையிலேயே பதிவான ஒலிநாடாக்களைத் தர மறுத்தார் நிக்சன். தந்தே ஆக வேண்டும் என்று 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உத்தரவிட்டது. மூன்று நாள் கழித்து, பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு முதல் குற்றச்சாட்டை 27-க்கு 11 என்று நிறைவேற்றியது. அந்த 27 பேரில் ஆறு பேர் நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 7 அன்று கோல்ட்வாட்டர் உள்ளிட்ட அவரது கட்சித் தலைவர்கள் மூவர் வெள்ளை மாளிகைக்குச் சென்று, செனட்டில் ஆதரவு இல்லை என்று நேரிலேயே தெரிவித்தனர். ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் விலகினார். முழுச் சபையின் வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. "எங்கள் ஆள்தான்; ஆனாலும் தவறு தவறுதான்" என்று சொந்தக் கட்சி சொன்னது; அது போதுமானதாக இருந்தது.

அந்தக் குரல் அடுத்து வந்த ஆண்டுகளில் தேய்ந்தது. 1998-இல் கிளிண்டன் மீது, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், நீதிக்குத் தடை போட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டது. செனட்டில் அவரது ஜனநாயகக் கட்சியினர் 45 பேரில் ஒருவர்கூட "குற்றவாளி" என்று சொல்லவில்லை. 2019-இல் டிரம்ப் மீது வந்த குற்றச்சாட்டு, உக்ரைனுக்கான இராணுவ உதவியை நிறுத்திவைத்து, தமது அரசியல் எதிரியை விசாரிக்குமாறு அந்நாட்டை நெருக்கினார் என்பது. குடியரசுக் கட்சிச் செனட்டர்களில் எதிர்த்து வாக்களித்தவர் மிட் ராம்னி ஒருவரே. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்டது. கலவரத்தைத் தூண்டினார் என்று டிரம்ப் மீது இரண்டாம் தீர்மானம் வந்தது. செனட்டில் 57 பேர் "குற்றவாளி" என்றனர். 43 பேர் மறுத்தனர். பத்து வாக்குக் குறைவு.

அன்று மறுத்தவர்களில் ஒருவர் செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவரான மிச் மக்கானல். வாக்கெடுப்பு முடிந்ததும் அவரே எழுந்து, நடந்ததற்கு டிரம்ப்தான் பொறுப்பு, ஆனால் பதவி முடிந்துபோனவரைச் செனட் விசாரிக்க முடியாது, நீதிமன்றங்கள் இருக்கின்றன என்று பேசினார். நீதிமன்றம் என்ன சொன்னது? குடியரசுத் தலைவர் தம் அடிப்படை அதிகாரங்களைக் கொண்டு செய்தவற்றுக்கு முழுப் பாதுகாப்பும், பதவி சார்ந்த பிற செயல்களுக்கு ஓரளவேனும் பாதுகாப்பும் உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செனட் நீதிமன்றத்தைக் காட்டியது. நீதிமன்றமோ தன் கதவைப் பாதி சாத்திவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் டிரம்ப் மறுபடி வென்றார். மத்திய அரசு தொடுத்திருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன.

செனட் தண்டித்தவர்களே இல்லையா என்றால், எட்டுப் பேர் உண்டு. எட்டுப் பேரும் நீதிபதிகள். அவர்களுக்குப் பின்னால் கொடி பிடிக்கக் கட்சி இல்லை.

கட்சியை மீறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2021-இல் பிரதிநிதிகள் சபையில் டிரம்புக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். 2022 தேர்தலுக்குப் பின் சபைக்குத் திரும்பியவர்கள் இருவரே. நால்வர் போட்டியிடவில்லை, நால்வரைச் சொந்தக் கட்சி வாக்காளர்களே வேட்பாளர் தேர்வில் தோற்கடித்தனர். உறுப்பினர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மனச்சாட்சிப்படி நடந்தவனை மக்களே தண்டித்தால், அடுத்தவன் எப்படித் துணிவான்?

இதை அமெரிக்காவின் நோய் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. நம் நாட்டில் பிரதமரை நீக்கக் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. மக்களவையில் ஒரு வாக்குக் குறைந்தால் போதும். 1999-இல் வாஜ்பாய் அரசு அப்படித்தான் வீழ்ந்தது. ஆனால் நீதிபதிகளை நீக்க அமெரிக்க முறையை ஒத்த கடினமான வழியே இங்கும் உண்டு. 1993 மே மாதம், உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் மக்களவைக்கு வந்தது. நீதிபதிகள் குழு விசாரித்து, பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டன என்று அறிக்கை தந்திருந்தது. ஆதரித்தவர்கள் 196 பேர்; எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை. ஆனால் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தனர். தேவையான எண்ணிக்கை சேராமல் தீர்மானம் தோற்றது. அவர் பதவிக்காலம் முடியும்வரை இருந்து ஓய்வு பெற்றார். அவர் தமிழர். அதற்காக நாம் வேறு அளவுகோலை எடுக்க முடியாது. வெளிமாநிலத்தில் வாழும் நாம், எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதை நம்பித்தான் இங்கே வாழ்கிறோம்.

மூன்றில் இரண்டு என்பதைக் குறைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. குறைத்தால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் பழிவாங்கல்தான் நடக்கும். விதி சரியாகவே இருக்கிறது. அதைக் கையாள வேண்டியவர்கள், சத்தியம் செய்தது அரசியல் சட்டத்தின் பேரிலா, கட்சித் தலைமையின் பேரிலா என்பதை மறந்துவிட்டார்கள். அதை நினைவூட்ட வேண்டியவர்கள் வாக்காளர்கள். நம் ஆள் தவறு செய்யும்போது "தவறு" என்று சொல்லும் உறுப்பினரைத் தோற்கடிக்காமல் இருப்போம். அமெரிக்காவிலும் சரி, இங்கும் சரி, அதுதான் முதல் கடமை.