சபை எதுவென்று கேட்காத காலம்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்த சனத்திரளில் நானும் ஒருவன். விடிந்தபோது ஒரு தேவாலய மண்டபத்தில் ஒதுங்கினோம். வாசலில் நின்றவர்கள் எங்களிடம், "எத்தனை பேர்? கைக்குழந்தை இருக்கோ?" என்று மட்டுமே கேட்டார்கள். நாங்கள் எந்தச் சமயம், எந்தச் சபை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் என் நினைவுக்கு வருகிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் அனுட்டிக்கப்படுகிறது. அந்த நாட்களில் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையினர் ஒன்றுகூடிச் செபிப்பது நல்ல விடயமே. ஆனால் எஞ்சிய ஐம்பத்தொரு வாரங்களிலும் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

எமது சபைகளுக்கு இது புதிய பாடமன்று. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்பு முயற்சி 1947 செப்டெம்பரில் தென்னிந்திய திருச்சபையாக நிறைவேறியது. அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதில் ஓர் ஆதீனமாக இணைந்தது. எனினும் இலங்கையின் புரட்டஸ்தாந்து சபைகளை ஒன்றாக்கும் திட்டம் 1970களின் தொடக்கத்தில், நிறைவேறும் தறுவாயில், நீதிமன்ற வழக்கினால் நின்றுபோனது. யாப்பு எழுதி ஒன்றாவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் யாப்பினால் முடியாததைப் போர்க்காலப் பணி செய்து காட்டியது. 1984 டிசெம்பரில் மன்னாரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே வங்காலையில் கத்தோலிக்க குருவான மேரி பஸ்தியன் கொல்லப்பட்டார். இருவேறு சபைகளின் பணியாளர்கள் ஒரே மாவட்டத்தில், ஒரே மக்களின் நடுவில் நின்று உயிர் கொடுத்தார்கள். 2019 ஏப்ரல் 21 அன்றும் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆகிய கத்தோலிக்க ஆலயங்களோடு மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டது. குண்டு சபை பார்க்கவில்லை. நீதி கேட்கும் குரல் மட்டும் ஏன் சபை சபையாகப் பிரிந்து ஒலிக்க வேண்டும்?

1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய திருச்சபைகளின் மாநாடு ஒரு கேள்வியை முன்வைத்தது. ஆழ்ந்த கொள்கை வேறுபாடு தடுக்கும் விடயங்கள் தவிர, மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்தே செய்யலாகாதா என்பதே அது. வன்னியில் விதவைக்குத் தையல் இயந்திரம் கொடுப்பதிலும், கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்துவதிலும் என்ன கொள்கை வேறுபாடு இருக்கிறது? ஒரே ஊரில் மூன்று சபைகள் மூன்று பெயர்ப்பலகைகளோடு ஒரே வீட்டுக்கு உதவுவதும், பக்கத்து வீடு எவர் பட்டியலிலும் இல்லாமற்போவதும் ஏன்?

சேர்ந்து செய்யவேண்டிய முதற்பணி, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய பதிவு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை கச்சேரிப் புள்ளிவிபரங்களைக் கொண்டே, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். அவர் 2021இல் மறைந்துவிட்டார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரிலும் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களோடு சாட்சியமும் போகிறது. ஒவ்வொரு பங்கிலும் சபையிலும் ஞானஸ்நானப் பதிவேடும் குடும்ப விபரமும் இருக்கின்றன. போரில் தப்பியவற்றையாவது ஒன்றுசேர்த்து, சைவ ஆலயங்களையும் கிராம அமைப்புகளையும் இணைத்துக்கொண்டு, ஊர்வாரியாக ஒரு பதிவை உருவாக்கலாம். இதற்குப் புதிய இறையியல் தேவையில்லை. நான்கு மேசைகளும் சில இளைஞரும் போதும்.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். கிறிஸ்தவ ஒற்றுமை என்பது சைவ மக்களுக்கு எதிரான அணியாகவோ, உதவியைக் காட்டி மதம் மாற்றும் கூட்டு முயற்சியாகவோ மாறிவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் சைவர்களே. அடுத்தது, சபைகளுக்கு இடையிலான சுவரைப் பற்றிப் பேசும் நாம், சபைக்கு உள்ளே இன்னும் நிற்கும் சாதிச் சுவரை மறைக்கக் கூடாது. சேமக்காலையில் பக்கத்தில் கிடக்க மறுப்பவர்கள் மேடையில் கைகோர்ப்பதால் பயனில்லை.

அன்று அந்த மண்டபத்தில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.