கூட்டைக் காவாத கருணை

‘தேனீக்கு மருந்திடுதல் இயற்கைக்கு மாறானது, விட்டுவிட்டால் வலியது வாழும்’ என்னும் வாதம் இந்நாளில் தேனீ வளர்ப்போர் சிலரிடையே மந்திரம்போல் வழங்கி வருகிறது. கேட்பதற்கு இனிய வாதந்தான். கருணையின் சாயலும் அதற்குண்டு. ஆயினும், அதன் அடிப்படையே பிழையானது.

வரோவா எனப்படும் உண்ணி, ஐரோப்பியத் தேனீக்கு இயற்கை அளித்த பகை அன்று. அதன் பழைய இருப்பிடம் ஆசியத் தேனீயின் கூடு. ஆங்கு அது பெரும்பாலும் ஆண் புழுக்களின் அறைகளிலேயே பெருகும். வேலைக்காரத் தேனீக்களோ தம் உடலையும் தம் தோழியர் உடலையும் துழாவி உண்ணியைக் களையும். நெடுங்காலம் உடன் வாழ்ந்து எய்திய சமநிலை அது. தேன் பெருக்கும் ஆசையால் மனிதன் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவிற்குக் கொணர்ந்தான். உண்ணி புதிய இனத்திற்குத் தாவியது. மனிதனின் போக்குவரத்தோடு நாடு நாடாய்ப் பரவியது. 1987இல் அமெரிக்காவிலும், 1992இல் பிரிட்டனிலும், 2000இல் நியூசிலாந்திலும் அது கண்டறியப்பட்டது. மனிதனே ஊர்தோறும் சுமந்து சென்ற பகைக்கு ‘இயற்கை’ என்று பெயரிட்டுக் கைகட்டி நிற்பது எவ்வகை நேர்மை?

புழுவறை மெழுகால் மூடப்படுமுன் பெண் உண்ணி உட்புகுந்துவிடும். வேலைக்காரத் தேனீயின் அறை ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் மூடிக் கிடக்கும். அதற்குள் முட்டையிட்டு, வளரும் தேனீயை உறிஞ்சி, தன் மகளிரோடு வெளிவரும். இறக்கையைச் சுருக்கும் நச்சுயிரியையும் அதுவே பரப்பும். பறக்க இயலாத தேனீக்கள் பெட்டி வாயிலில் ஊர்ந்து மடிவதைக் கண்டவர், ‘வலியது வாழும்’ என்று அத்துணை எளிதாய்ச் சொல்லமாட்டார்.

எதிர்வாதிகள் சுவீடனின் காட்லாந்துத் தீவைச் சான்று காட்டுவர். 1999இல் அங்கு நூற்றைம்பது கூட்டங்கள் மருந்தின்றி விடப்பட்டன. மிகப் பலவும் மடிந்து சிலவே பிழைத்தன. உண்மைதான். ஆனால், அஃது ஆய்வாளர் கண்காணிப்பில், பிற கூட்டங்களினின்று விலக்கி வைத்து நிகழ்ந்த சோதனை. ஊர்நடுவே அவ்வாறு செய்தால், நலிந்த கூட்டின் தேனைக் கொள்ளையிட வரும் அண்டை வீட்டுத் தேனீக்கள் உண்ணியையும் சுமந்து செல்லும். ஒருவர் கொள்கைக்கு அடுத்தவர் பெட்டி பலியாகும்.

ஆஸ்திரேலியா கண்டது என்ன? 2022 சூன் திங்களில் நியூகாசில் துறைமுகத்தில் உண்ணி தென்பட்டது. நோயற்ற கூட்டங்களும் உட்பட ஆயிரக்கணக்கான பெட்டிகள் அழிக்கப்பட்டன. ஆயினும், 2023 செப்டம்பரில், முற்றாக ஒழிக்க இயலாது என்று அந்நாடு முடிவு செய்தது. அன்றுமுதல் அங்கும் உண்ணியோடு வாழ்ந்து, அதனை அடக்கிவைப்பதே வழியாயிற்று.

மருந்தை வெறுப்போர் உருவானதற்கு மருந்தை வாரியிறைத்தோரும் காரணர் என்பதை மறைத்தல் ஆகாது. ஒரே மருந்துப் பட்டையை ஆண்டுதோறும் தொங்கவிட்டு, குறித்த வாரம் கடந்தும் எடுக்க மறந்தனர். 1990களில் இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவிலும் ஃப்ளூவாலினேட் மருந்துக்கு அஞ்சாத உண்ணிகள் பெருகின. இது மருந்தின் குற்றமன்று, சோம்பலின் குற்றம்.

எறும்பின் நஞ்சிலுள்ள ஃபார்மிக் அமிலம், மூடிய அறைக்குள்ளும் ஊடுருவும். கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் ஊடுருவாது. ஆகவே, புழுவற்ற காலத்திலேயே அது சிறந்த பயன் தரும். இவ்வேறுபாட்டை அறியாமல் மருந்திடுவோரும், அறியாமல் மறுப்போரும் ஒரே வகுப்பினரே.

முதற்பணி எண்ணுதல். புழுவுள்ள அடையிலிருந்து, அரசியை விலக்கி, அரைக் கோப்பைத் தேனீக்களை எடுத்தால் ஏறத்தாழ முந்நூறு இருக்கும். கண்ணி மூடியிட்ட குப்பியில் அவற்றைப் பொடிச் சர்க்கரையோடு உருட்டிக் குலுக்கினால் உண்ணிகள் உதிரும். தேனீக்கள் உயிரோடு கூடு திரும்பும். ஒன்பது உதிர்ந்தால் நூற்றுக்கு மூன்று. (தொடக்கப்பள்ளி மாணவனுக்கும் இயலும் விழுக்காட்டுக் கணக்கு இது.) அந்த அளவை எட்டிய கூட்டில், கணக்கில் வராத உண்ணிகள் மூடிய அறைகளில் இன்னும் மிகுதியாய் இருக்கும். மருந்திட்டபின் மீண்டும் எண்ண வேண்டும். எண்ணிக்கை குறையவில்லையேல் வேறு மருந்துக்கு மாறவேண்டும்.